திண்டு வாங்கும்போது எடை பாருங்கள்

மளிகைக் கடையோடு மாவு அரவை இயந்திரமும் வைத்திருக்கும் நம்மில் பலருக்கு மாடி வீட்டாரின் புகார் புதிதல்ல. புகார் வந்ததும் என்ன செய்கிறோம்? சுவரெங்கும் தெர்மோகோல் ஒட்டுகிறோம். பணம் போகிறது, இரைச்சல் போவதில்லை.

காரணம் எளிது. மாடிக்குப் போவது காற்றில் வரும் ஓசை மட்டுமல்ல. தரை, தூண் வழியே ஏறும் அதிர்வும்தான். அதைத் தரையிலேயே தடுக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடங்களில் ரப்பர் அல்லது ஸ்பிரிங் மீது தனித் தளம் அமைத்து, சுவரைத் தொடாமல் இடைவெளி விடுகிறார்கள். நமக்கும் அதே வழிதான். மோட்டாரும் இயந்திரமும் ஒரே கான்கிரீட் பீடத்தில் இருக்கட்டும். பீடத்தின் அடியில் திண்டு வரட்டும்.

எடை போட்டு விற்கும் நாம், திண்டு வாங்கும்போது மட்டும் எடையை மறந்துவிடுகிறோம். இயந்திரம், மோட்டார், பீடம் எல்லாவற்றின் எடையையும் கூட்டி, திண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். சற்றும் அமுங்காத திண்டு பயனற்றது. முழுக்க நசுங்கிவிடுவதும் அப்படியே. நிமிடத்துக்கு 1440 சுற்று சுழலும் மோட்டாருக்கு, எடை ஏறியதும் 4 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் போட்டால், மோட்டாரின் அதிர்வில் சுமார் எட்டில் ஒரு பங்கே தரைக்கு இறங்கும். மெதுவாகச் சுழலும் இயந்திரத்துக்கு இன்னும் அதிகம் அமுங்க வேண்டும். பீடத்தை ஒரே ஒரு போல்ட்டால் தரையோடு இறுக்கினாலும் செலவு வீண்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மாடி வீட்டாரும் நம் வாடிக்கையாளர்களே. ஆகவே, எத்தனை கிலோ தாங்கும், எவ்வளவு அமுங்கும் என்று எழுதித் தராதவரிடம் திண்டு வாங்குவதில்லை என நாம் உறுதி கொள்வோம்.