கௌரவம் படுத்தும் பாடு

வீட்டுக் கடனில் தவணை தவறிய செய்தி உற்றார் உறவினர் செவிக்கு எட்டாதபடி மறைத்து வைப்பதே குடும்ப கௌரவத்தைக் காக்கும் வழி என்றொரு நம்பிக்கை, மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகரின் அடுக்குமாடிகளிலும் அடையாற்றின் புதுக் குடியிருப்புகளிலும் ஒரே அளவில் வேரூன்றியிருக்கிறது. பாங்கிலிருந்து வரும் பதிவுத் தபாலைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களும், உடன்பிறந்த தங்கையிடம்கூட மூச்சுவிடாமல் கைவளையலை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்கிறவர்களும், தாங்கள் செய்வது விவேகம் என்றே எண்ணுகிறார்கள். வீட்டைப் பறிகொடுக்க இதைக் காட்டிலும் நிச்சயமான மார்க்கம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

‘சர்பேசி’ என்று வழங்கும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கைக் கவனியுங்கள். பாக்கி 90 நாட்களைத் தாண்டி, கணக்கு வாராக் கடனாகிவிட்டால், 60 நாள் கெடு வைத்துப் பாங்கு நோட்டீஸ் அனுப்புகிறது. அதற்குக் கடன்காரர் ஆட்சேபம் எழுதினால், அதை ஏற்காத பட்சத்தில் 15 நாட்களுக்குள் பாங்கு காரணம் சொல்லியாக வேண்டும். அவர் வாய் திறவாதிருந்தாலோ, சுவாதீன அறிவிப்பு வாசலில் ஒட்டப்படுவதோடு நில்லாமல், பிரதேச மொழி ஏடு ஒன்று உட்பட இரண்டு நாளிதழ்களில் அவர் பெயரும் பாக்கித் தொகையும் வீட்டின் நான்கெல்லையும் விளம்பரமாகின்றன. சொந்தத் தம்பியிடம் சொல்லக் கூசிய சங்கதியைப் பேப்பர் போடும் பையன் தெருவெல்லாம் விநியோகித்துவிட்டுப் போகிறான்! மறைத்து வைத்த மானத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

இதில் வெட்கப்படத்தான் என்ன இருக்கிறது? 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் பாங்கின் ரெப்போ விகிதம் அடுத்த பிப்ரவரிக்குள் 6.5 ஆக உயர்ந்தபோது, மாறும் வட்டியில் கடன் வாங்கிய எத்தனையோ வீடுகளில் கணக்குத் தப்பியதற்கு ஊதாரித்தனமா காரணம்?

“கோர்ட்டில் தடை வாங்கிவிடலாம்” என்று தைரியம் சொல்லும் மாமா இல்லாத குடும்பமே இல்லை. சிவில் கோர்ட்டு இதில் தலையிட முடியாதபடி அச்சட்டமே தடுத்திருக்கிறது. பாங்கு நடவடிக்கை எடுத்த 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். முழுத் தொகையையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமையோ, 2016-இல் வந்த திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் வரையில்தான் உண்டு. 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திவிட்டது.

விஷயம் தெரிந்த உறவினரும் பெரும்பாலும் உருப்படியாக ஒன்றும் செய்வதில்லை. ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறார்கள். அல்லது புதுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்கள். ஜாமீன்தாரரையும் கடன்காரர் என்றே அச்சட்டம் கருதுவதால், பரோபகாரமாகத் தொடங்குவது இரண்டாவது வீட்டுக்கும் ஆபத்தாக முடியக்கூடும். அத்தை மகனோ மாப்பிள்ளையோ பாங்கு மேலாளர் அறையில் கூட உட்கார்ந்து கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று வரிவரியாகப் பார்ப்பது ரொக்கத்தைவிட மேலான உதவி. அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுவதை ரிசர்வ் பாங்கு 2024 முதல் தடுத்திருப்பதைச் சொல்லிக் கேட்கவும், தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுத்து மூலம் கோரவும், கலங்கியிருப்பவருக்கு அப்போது நா எழாது.

தவணையை இனித் தூக்கவே முடியாதென்று தெரிந்துவிட்டால், வீட்டை விற்றுக் கடனைத் தீர்ப்பதில் இழுக்கொன்றுமில்லை. நோட்டீஸ் வந்த பிறகு பாங்கின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. சம்மதம் பெற்றுவிட்டால் நல்ல விலை தருபவரை வீட்டுக்காரரே தேடிக்கொள்ளலாம். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ கட்டடம் பழசானாலும் அதற்குரிய பிரிபடாத நிலப்பங்கு நல்ல விலை பெறும். ஏலத்திலும் கடனும் செலவும் போக மிஞ்சுவது வீட்டுக்காரருக்கே சேரும் என்று சட்டம் சொல்வது மெய்தான். ஆனால் ஏலத்துக்கு வருகிறவர்கள் சகாய விலையை நாடி வருகிறவர்களாதலால், குறித்த விலைக்கு ஆளில்லாமல் போனால் விலை குறைந்து மறு ஏலம் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதுவரை வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.