பிணம் தூக்கியவர்களின் தூக்கம்

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அழுகிப்போன உடல்களை எடுத்தது யார்? வேறு நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். நம்ம ஜனங்க. பலருக்குக் கையுறைகூட இல்லை.

அப்போது ‘மனநல ஆலோசனை’ என்ற சொல் கடற்கரையெங்கும் புழங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸிலிருந்து வல்லுநர்கள் வந்தார்கள்; உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். நான் கேட்பது வேறு. நாள்கணக்கில் பிணம் தூக்கியவர் வீடு திரும்பி எப்படித் தூங்கினார் என்று எந்தப் படிவம் கேட்டது?

ஆராய்ச்சி என்பது கேள்வி கேட்பது. எந்தக் கேள்வி முதலில் என்று தீர்மானிக்கிறவர்தான் பணம் போகும் வழியையும் தீர்மானிக்கிறார். போர், பேரிடர் குறித்த மனநல ஆய்வுலகில் வெகுகாலம் நடந்த சண்டை, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் எத்தனை பேருக்கு என்பதுதான். 2011இல் ‘பிளாஸ் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு அந்தச் சண்டையை ஓரமாக வைத்தது. வல்லுநர்களோடு பெரு, உகாண்டா, நேபாளம் ஆகிய நாடுகளில் களத்தில் இருப்பவர்களையும் கேட்டது. முன்வரிசைக்கு வந்த கேள்விகளில் இரண்டு: மக்களை அழுத்துகிற நெருக்கடிகள் எவை? தங்கள் மனவேதனையை அவர்களே எப்படிச் சொல்கிறார்கள்?

சரியான கேள்விகள். ஆனால் இந்த மண்ணில் சாதியைத் தொடாமல் இவற்றுக்குப் பதில் வராது. நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை 2005இலேயே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகு போனவருக்குப் படகு கிடைத்தது. உப்புநீர் ஏறிய வயலில் கூலி போனவளுக்கு? இழக்கச் சொத்தில்லாதவர் இழந்தவர் கணக்கிலேயே வரமாட்டார். அலை ஒருநாள் வந்து போச்சு. அவமானம் தினமும் வருது.

‘சோத்துக்கே வழியில்ல, மனசு ஆராய்ச்சி ஒரு கேடா?’ என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். இரண்டையும் பிரிப்பதே தப்பு. ஐ.நா. நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, மனநல ஆதரவை ஒரு பிரமிடாக வரைகிறது. உச்சியில்தான் மருத்துவர். அடித்தளத்தில் இருப்பவை அடிப்படைத் தேவைகளும் பாதுகாப்பும். அவையும் மானத்தோடு கிடைக்க வேண்டும். குடத்தோடு வந்தவளை வரிசையிலிருந்து விரட்டிவிட்டு, அப்புறம் கவுன்சலிங் கொடுத்து என்ன பண்ண?

ஆகவே நம்முடைய முன்னுரிமைகளை நாம் சொல்வோம்.

ஒன்று: பேரிடர் மனநல ஆய்வு எதுவாயினும் சாதி, பால், தொழில் வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

இரண்டு: உடல்களை அகற்றும் தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டவர்களே. அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சென்று கேட்க வேண்டும்.

மூன்று: நிவாரணத்தில் தீண்டாமையை ஒழித்தால் மனச்சுமை எவ்வளவு இறங்குகிறது? இது ஆய்வுக் கேள்வியாக வேண்டும்.

நான்கு: கேள்வித்தாள் தயாராகும் மேசையிலேயே சேரிக்கு இடம் வேண்டும். பதில் சொல்ல மட்டும் கூப்பிட்டால் போக மாட்டோம்.

உளவியலும் சமூகப்பணியும் படிக்கிற தோழர்களே, உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி எங்கும் அலைய வேண்டாம். அடுத்த வெள்ளம் வருமுன் உங்கள் ஊர்த் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போங்கள். முதலில் உட்கார்ந்து கேளுங்கள். படிவத்தை அப்புறம் எழுதலாம்.