கடலின் கணக்கும் கரையின் நியாயமும்

கடலில் பிடிக்கும் மீனுக்கு வரம்பு வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வரம்பை யார் விதிப்பது, எக்கணக்கைக் கொண்டு விதிப்பது, யார் தலையில் சுமத்துவது என்பவையே வழக்கு.

1977-ம் வருஷத்தில் சர்வதேசத் திமிங்கில வேட்டைக் கமிஷன், அலாஸ்காவின் பூர்வ குடிகள் உணவுக்காகப் பிடித்துவந்த போஹெட் திமிங்கிலத்தில் இனி ஒன்றையும் கொல்லலாகாதெனத் தீர்மானித்தது. அவ்வினத்தை முன்னர் அழித்தவை எண்ணெய் வியாபாரக் கப்பல்கள், தண்டனையோ குடிகளுக்கு! “பனிக்கட்டியின் கீழ்ச் செல்லும் திமிங்கிலங்கள் உங்கள் கணக்கில் சேரவில்லை” என்றார்கள் வேடர்கள். உடனே சங்கம் கண்டு வாதாடினார்கள். மறு வருஷமே சிறு அளவு அனுமதிக்கப்பட்டது. பின்னர் நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கி எண்ணியபோது வேடர் வாக்கே மெய்யாயிற்று. 2001-ல் கண்ட தொகை 10,000-க்கு மேல். இன்று கமிஷன் விதிக்கும் அளவை ஊர்களுக்குப் பங்கிட்டுக் கண்காணிப்பது அவ்வேடர் சங்கமே.

இக்கதை மயிலாப்பூருக்கு எதற்கு என்று சில கனவான்கள் கேட்கலாம். கூப்பிடு தூரத்திலுள்ள நொச்சிக்குப்பத்தையும், அடையாற்று முகத்துவாரத்தையடுத்த ஊரூர்க் குப்பத்தையும் அவர்கள் சென்று பார்க்கட்டும். கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள நீர் சிறு மீனவருக்கே உரியதென்பது 1983-ம் வருஷச் சட்டத்தின் கருத்து. ஆயினும் விசைப்படகுகள் அவ்வெல்லைக்குள் நுழைந்து வலைகளை அறுத்துச் செல்கின்றன என்பது கரையோரத்தாரின் நெடுநாளைய முறையீடு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளை நிறுத்திவைத்துவிட்டு, ஏனைய பத்து மாதங்களும் எல்லையைக் காவாதிருப்பின், அது வேலியில்லாத வயலுக்குக் காவற்காரன் வைத்ததாகும்.

கரையோர மீனவருக்கும் ஒன்று சொல்வோம். சிறு கண் வலையால் குஞ்சு மீனை வாரினால் நாளைய சோற்றையே இன்று உண்டதாகும். அவ்வகையில் அவர்களும் கட்டுப்படவே வேண்டும்.

ஆனால் கட்டுப்படச் சொல்வதற்கு முன் அவர்களைக் கலந்துகொள்ளல் முறை. நீரோட்டத்தையும் மீன் வரத்தையும் தலைமுறை தலைமுறையாய் அறிந்த குப்பத்துப் பெரியோருக்கு, மீன்வளத்தைக் கணக்கிடும் குழுக்களில் ஆசனம் தரவேண்டும். கணக்கைத் தமிழில் வெளியிடவேண்டும். 3 மைல் எல்லையை மீறும் படகுகளை, அவற்றின் உடைமைக்காரர் எத்துணைச் செல்வாக்குடையவராயினும், தண்டிக்கவேண்டும். எளியவனை மட்டும் கட்டும் வரம்பு சட்டமாகாது. சர்க்கார் செய்யத் தவறினால், கேட்டு வாங்குவது ஜனங்களின் கடமை.