இரவு நெய்யும் வண்ணங்கள்



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போது காஞ்சிபுரத்துத் தெருக்களுக்குத் தனி அழகு வந்துவிடுகிறது. வாசற்கோலங்களின் நடுவே பூசணிப்பூ சிரிக்கிறது. கோயில் வீதிப் பூக்கடைகளில் சாமந்தி குவிந்து கிடக்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் தை மாதத் திருமணங்களுக்கான பட்டு வளர்கிறது. ஊரெங்கும் நிறம் பொங்கும் இவ்வேளையில் நம் வீட்டு மாடித் தொட்டிகள் மட்டும் வெறும் பச்சையாக நிற்பானேன்?

ஒலிமுகமதுபேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் வாழும் நம்மில் பலருக்குத் தோட்டம் போட நிலம் இல்லை. வாடகை வீட்டில் இருப்போருக்குத் தொட்டிதான் தோட்டம். வீடு மாறினால் அதுவும் உடன் வரும். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து டிசம்பரில் பூத்த நிலையில் வாங்கி வந்த செடி, மறு ஆண்டு பூக்காமல் நின்றுவிட்டால் மனம் சலித்துப் போகிறது. 'இது ராசியில்லாத செடி' என்று கூறி, உயிருள்ள செடியைக் குப்பையில் எறிந்துவிட்டு மீண்டும் காசு கொடுத்துப் புதிது வாங்குகிறோம். குற்றம் செடியினுடையது அன்று. பெரும்பாலும் அது நம் வீட்டு விளக்கினுடையது!

இருளே காரணம்

குளிர் வந்ததால் பூக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். நம் ஊரில் குளிர் என்பது பெயரளவுக்கே. மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. உண்மையில் மாறுவது பகலின் நீளம். ஜூன் மாதத்தில் காஞ்சிபுரத்தில் பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம் நீள்கிறது. டிசம்பரில் அது 11 மணி 20 நிமிடமாகக் குறைகிறது. இந்த ஒன்றரை மணி நேர வேறுபாட்டைச் சில செடிகள் கணக்கு வைத்திருக்கின்றன.

பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920 இல் கார்னர், அலார்டு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் புகையிலைச் செடியைக் கொண்டு விளக்கினர். 1938 இல் ஹாம்னர், பானர் என்போர் மருளூமத்தைச் செடியை ஆராய்ந்து, கணக்கில் வருவது பகல் அன்று, இடையறாத இரவே என்று காட்டினர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலும் அச்செடி பூக்க மறுத்துவிட்டது. இரவை ஓய்வுக்காக ஆக்கிய இறைவனின் ஏற்பாட்டில் செடிகளுக்கும் பங்குண்டு என்பதை எண்ணி வியக்கிறோம்.

மெக்சிகோ நாட்டுச் செடியான பாயின்செட்டியா இவ்வகையைச் சேர்ந்தது. அதில் சிவந்து விரிபவை பூவிதழ்கள் அல்ல, இலைகள்! அவற்றின் நடுவே மஞ்சளாகச் சிறு குமிழ்போல் தெரிவதே பூ. சாமந்தியும் இரவு நீளும்போது மொட்டு வைக்கும் இனமே.

ஆகவே செப்டம்பர் இறுதி முதல் இச்செடிகளின் மீது இரவில் ஒளி படாமல் காப்பது அவசியம். தெருவிளக்கு, மாடிப்படிக் குழல்விளக்கு, இரவிலும் ஓடும் தறியறையின் ஜன்னல் வெளிச்சம் ஆகியவை செடிக்கு இரவை இல்லாமல் ஆக்கிவிடும். தொட்டியை இருண்ட பக்கத்திற்கு நகர்த்துங்கள். இடமில்லையெனில் மஃரிப் வேளையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, சூரியன் உதித்ததும் எடுத்துவிடுங்கள். இதைச் சில வாரங்கள் தவறாமல் செய்து வந்தால் போதும், செலவு ஏதுமில்லை.

சேலை சொல்லும் பாடம்

நம் ஊர்ப் பட்டுச்சேலையின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் பிணைத்து நெய்கிறார்கள். தொட்டிகளை அடுக்கும்போதும் இம்முறையைப் பின்பற்றலாம். இலையழகுச் செடிகளை உடலாகவும், பூச்செடிகளைக் கரையாகவும் வையுங்கள். பூ சில வாரங்களே நிற்கும். இலையோ ஆண்டு முழுவதும் நிறம் தரும். பத்துத் தொட்டிகள் உள்ள வீட்டில் ஆறு இலைச்செடிகளும் நான்கு பூச்செடிகளும் இருந்தால் எந்த மாதத்திலும் மாடி வெறிச்சோடாது.

இலைச்செடிகளில் முதன்மையானது குரோட்டன்ஸ். அதன் மஞ்சளும் சிவப்பும் வெயில் தரும் நிறங்கள். நிழலில் வைத்தால் புது இலைகள் பச்சையாகிவிடும். பனிக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், கோடையில் வெயில் பெற்ற வடபுறத் திண்ணைக்கு இப்போது வெயில் வராது. அங்குள்ள தொட்டிகளைத் தென்புறம் மாற்றுங்கள். கோலியஸ் செடிக்கோ கடும் வெயில் ஆகாது. மார்கழியின் இளவெயில் ஏற்றது. அதன் பூங்கதிரைக் கிள்ளி எறிந்தால் இலை செழிக்கும். ஒரு துண்டை ஒடித்து நீருள்ள கண்ணாடிக் குவளையில் வைத்தால் வேர் விடும். அண்டை வீட்டாருக்குக் காசில்லாத அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். ஓர் எச்சரிக்கை: குரோட்டன்ஸ், பாயின்செட்டியா இரண்டின் பாலும் தோலில் பட்டால் எரிச்சல் தரும். தவழும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கரைக்கு உரிய பூக்களில் டிசம்பர் பூ எளியது. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் பூக்கும். குச்சியை நட்டாலே வளரும். கனகாம்பரம் நம் தென்னகத்துக்கும் உரிய செடி. துலுக்கச் சாமந்தியின் பெயரைக் கேட்டு அது துருக்கியிலிருந்து வந்ததென்று எண்ணிவிட வேண்டாம். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். அமெரிக்கப் பறவையான வான்கோழிக்கு ஆங்கிலேயர் துருக்கியின் பெயரைச் சூட்டியது போன்றதே இதுவும்! முற்றிக் காய்ந்த பூக்களின் விதையைச் சேமித்து வைத்து, மழையடி படாத இடத்தில் விதைத்தால் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூத்துவிடும்.

நீரில் கவனம்

மழைக்காலத்தில் தொட்டிச் செடிகள் தாகத்தைவிடத் தேங்கிய நீரால்தான் மிகுதியாக மடிகின்றன. தொட்டியின் அடித்துளையை ஓர் ஓட்டாஞ்சில்லால் மூடி, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். தொட்டியைச் செங்கற்களின் மேல் உயர்த்தி வையுங்கள். மழை ஓய்ந்தபின் இலை வெளிறினால், சத்து நீரோடு கரைந்து போயிற்று என்று அறிந்து, மீண்டும் சிறிது மக்கிய உரம் இடுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பலர் மறந்துவிடுகிறோம். டெங்குவைப் பரப்பும் கொசு அத்தகைய சிறு நீரிலேயே முட்டையிடுகிறது. ஒரு வாரம் பத்து நாட்களில் அது பறக்கும் கொசுவாகிவிடும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிர் காக்கும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். அழகுக்காக வளர்க்கும் செடி பிள்ளைகளுக்கு நோயைக் கொண்டுவரலாகாது அல்லவா?

ஒளுச் செய்யும் நீரைச் சோப்பு கலக்காமல் பிடித்து வைத்தால் பல தொட்டிகளுக்கு அதுவே போதும். ஆனால் பட்டுநூலின் பசை நீக்கிய சோடா நீரையும் சாயக் கழிவையும் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

தை பிறந்து சாமந்தி ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கிவிட வேண்டாம். தண்டை நான்கு விரற்கடை விட்டு வெட்டுங்கள். அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். கோடையில் அரைநிழலில் காப்பாற்றி, ஆனி, ஆடியில் பிரித்து நட்டால் ஒரு தொட்டி நான்காகப் பெருகும்.

இன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் ஒருமுறை மாடிக்குச் சென்று பாருங்கள். எந்தத் தொட்டியின் மீது விளக்கொளி விழுகிறதோ, அதை நாளையே இடம் மாற்றுங்கள். 'ராசியில்லை' என்று நீங்கள் ஒதுக்கி வைத்த செடி, இன்ஷா அல்லாஹ், அடுத்த மார்கழியில் பூவோடு நிற்கும்.

வஸ்ஸலாம்.