ஊசி போட்டது ஒருவர், குத்துப்பட்டது இன்னொருவர்!

ஆஸ்பத்திரியில் ஊசி என்றால் நோயாளிக்குத்தான் பயம் என்று நினைக்கிறோம். நர்சுகளும் ஆயாக்களும் குப்பை அள்ளுகிறவர்களும் அதைவிடப் பயப்பட வேண்டியிருக்கிறது.

ஊசி போட்டாகிவிட்டது. நர்சு அதன் மூடியை எடுத்து மறுபடி மாட்டுகிறார். (மாட்டவே கூடாது!) அடுத்த படுக்கையில் கூப்பிடுகிறார்கள். கை தவறுகிறது. விரலில் "சுருக்"!

இல்லையென்றால், அந்த ஊசி பஞ்சோடு பஞ்சாகக் குப்பைப் பைக்குள் போகிறது. காலையில் பையைத் தூக்கும் ஆயாவின் கையில் ஏறுகிறது. யாருக்குப் போட்ட ஊசி? அவருக்குத் தெரியாது.

நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி என்னும் மஞ்சள் காமாலைக் கிருமி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பு ஊசி போடாதவர் என்றால், 100-க்கு 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். எய்ட்ஸ் கிருமி என்றால் 1,000-க்கு 3 பேருக்கு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1998-லேயே வந்தது. 2016-ல் புது விதிகளும் போட்டார்கள். துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில்தான் ஊசியைப் போட வேண்டும். கழிவு அள்ளுகிறவர்களுக்குக் கையுறை, தடுப்பு ஊசி, வருடம் ஒரு தடவை உடல் பரிசோதனை. எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. தெருமுனைக் கிளினிக்கும் தப்ப முடியாது.

டப்பா வார்டின் கோடியில் கிடந்தால் என்ன பிரயோஜனம்? கைக்கு எட்ட வேண்டும். முக்கால்வாசி நிறைந்ததும் மாற்ற வேண்டும். நிறைந்த டப்பாவில் அமுக்கித் திணித்தால் குத்தாமல் என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய கோளாறு, குத்துப்பட்டவர் வாய் திறக்காததுதான். சொன்னால் மேஸ்திரியிடம் திட்டு. "ஏம்மா, பார்த்து அள்ளக் கூடாதா?" காண்ட்ராக்ட் ஆள் என்றால் சீட்டுக் கிழிந்துவிடுமோ என்று பயம். முந்தானையில் ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த பையைத் தூக்கிவிடுகிறார்.

குத்துப்பட்ட இடத்தைப் பிதுக்கக் கூடாது. வாயில் வைத்துச் சப்பக் கூடாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். எய்ட்ஸ் தடுப்பு மாத்திரை தேவை என்று டாக்டர் சொன்னால், 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதில்லை. பயந்துகொண்டு மூன்று நாள் மறைத்தால் போச்சு!

மேஸ்திரி கேட்க வேண்டிய கேள்வி வேறு. "பைக்குள் ஊசியைப் போட்டது யார்?"

இந்த விபத்துகளையும் ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்கிறது 2016 விதி. ஒரு ஆஸ்பத்திரி "ஒன்றும் இல்லை" என்று எழுதினால், அங்கே யாருக்கும் ஊசி குத்தவில்லை என்று அர்த்தமா? ஆயாக்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் கேட்பார்களா?