நிரம்பாத இருக்கைகள்

1957இலும் 1962இலும் சாத்தூர்த் தொகுதி மக்கள் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் காமராசர். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று கண்டு, 1956இல் மதிய உணவுத் திட்டத்தை அரசின் திட்டமாக்கியவர் அவர். அன்று பள்ளி வாசலில் நின்ற கேள்வி இன்று கல்லூரி வாசலில் வந்து நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் 2023இல் 97.85 விழுக்காடு பெற்று மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். அந்தத் தேர்ச்சிக்குப் பின் வரும் சூன் மாதத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் விடியுமுன் தீப்பெட்டி ஆலை வண்டி வந்து நிற்கும். தூக்கம் தெளியாத பிள்ளைகளைத் தாய்மார் தூக்குவாளியும் கையுமாக ஏற்றிவிடுவர். வீட்டுக்கு நான்கைந்து பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கூலி. சிவகாசிச் சிறுவர்களுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடர் மிகுந்த தொழிலில் சிறுவரை அமர்த்தும் முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. வண்டிகள் மெல்ல மெல்ல நின்றன. அவற்றில் ஏறிப் போன சிறுமியர் பலர் இன்று கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மார். பட்டாசு ஆலையில் திரி செருகுகின்றனர். அவர்கள் வீட்டில் பிள்ளை ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தின் கருவள விகிதம் 1.8; மக்கள்தொகை குறையாமல் நிற்க வேண்டிய 2.1ஐ விடக் கீழே.

பிள்ளைகள் குறைந்தால் கல்லூரியில் இடம் தாராளமாகக் கிடைக்க வேண்டும். இடம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் ஆண்டுதோறும் இடங்கள் மிஞ்சுகின்றன. மாணவர் சேராமல் மூடிய கல்லூரிகளும் உண்டு. ஆனால் மிஞ்சிய இருக்கையில் திரி செருகுபவரின் மகள் வந்து அமரவில்லை. கட்டணத்தை நம்பி நடக்கும் கல்லூரியில் மாணவர் குறைந்தால் வருவாய் குறையும். ஆசிரியர் ஊதியமும் கட்டடச் செலவும் குறைவதில்லை. அந்தப் பாரம் எஞ்சிய மாணவர் தலையில் ஏறுகிறது. அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும், வேலைக்கு வழிகாட்டும் என்று பெற்றோர் நம்பும் பாடப்பிரிவுகள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவாகவே நடக்கின்றன. ஒரே வளாகம், ஒரே பட்டம், கட்டணம் மட்டும் வேறு.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 2007இல் உச்சத்தைத் தொட்ட பிறப்பு எண்ணிக்கை பின்னர் சரிந்தது. அவ்வாண்டில் பிறந்தோர் 2025இல் பதினெட்டு வயதை எட்டினர். மாணவர் குறைவதால் அங்கே மூடப்படுபவை சிறிய கல்லூரிகள். பின்தங்கிய இனத்தவர்க்கு வழிவிட, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளும் முறையையும் 2023 சூன் 29 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே விலக்கிவிட்டது. கூட்டம் குறைந்த இடத்திலும் எளியவனுக்கு யாரும் தாமாக வழிவிடுவதில்லை.

விருதுநகர் மாவட்ட மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியலினத்தார். அவர்களுள்ளும் சிறுபான்மையினராய், வீட்டில் தெலுங்கு பேசி, சாத்தூர்க் கரிசல் ஊர்களில் வாழ்பவர் அருந்ததியர். பட்டியலினத்தாருக்கான 18 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குள் அவர்களுக்கென 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2009இல் தந்தது. உள் வகைப்பாடு செல்லும் என உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று உறுதி செய்தது. சட்டம் இருக்கையைக் காட்டிவிட்டது. அதில் அமரப் பணம் வேண்டும். மதச் சிறுபான்மையினரின் நிலையும் இதுவே. அவர்களின் ஆராய்ச்சி மாணவர்க்குத் துணைநின்ற மௌலானா ஆசாத் உதவித்தொகையை மைய அரசு 2022இல் நிறுத்திவிட்டது.

சேர்க்கை நாளில் கல்லூரி அலுவலகச் சாளரத்தின் முன் நிற்கும் தாயை நாம் பார்த்திருக்கிறோம். நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாய்ப் படிந்திருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை; அதற்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. "உதவித்தொகை வந்ததும் கட்டிர்றோம்யா" என்பார். "முதல்ல நீங்க கட்டுங்கம்மா, வந்ததும் எடுத்துக்கோங்க" என்று பதில் வரும். எழுத்தர் மீது குற்றமில்லை. அவருக்கு இடப்பட்ட ஆணை அது. உதவித்தொகை மாணவர் வங்கிக் கணக்குக்கே நேராக வரும் என்பது நல்ல ஏற்பாடுதான். கட்டணத்துக்குக் கெடு சூன் மாதத்தில் முடிந்து, பணம் பல மாதம் கழித்து வந்தால், இடைக்காலத்தில் அடகுக்குப் போவது அந்தத் தாயின் காதுத்தோடு.

அந்த உதவியைப் பெறவும் ஒரு வரம்பு உண்டு. பட்டியலின மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. கணவனும் மனைவியும் ஆளுக்கு நாளொன்றுக்கு 420 ரூபாய் வீதம் மாதம் 25 நாள் உழைப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 21,000; ஆண்டுக்கு 2,52,000. வரம்பைத் தாண்டிவிட்டார்கள்! ஆண்டு முழுவதும் பட்டாசு வேலை கிடைப்பதில்லை, மழைக்காலத்தில் ஆலை அடைத்துக் கிடக்கும் என்பது வேறு. பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோர் என்று 2019இல் மைய அரசு வகுத்த ஒதுக்கீட்டுக்கு வரம்பு 8,00,000 ரூபாய். ஒரே நாட்டில் வறுமைக்கு இரண்டு அளவுகோல்கள் எவ்வாறு பொருந்தும்? அரசு விடுதியில் சேரும் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாய். வளரும் பிள்ளை மூன்று வேளையும் அதற்குள் உண்ண வேண்டும்.

மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. மகளிர்க்குக் கட்டணமில்லாப் பேருந்து, 2022 முதல் புதுமைப்பெண், 2024 முதல் தமிழ்ப்புதல்வன் எனும் மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் பல வீடுகளில் படிப்பை நிறுத்தாமல் காத்துள்ளன. ஆயினும் சுயநிதிப் பிரிவின் முதல் தவணைக்கு அந்த ஆயிரம் எட்டாது.

கல்லூரி நிர்வாகங்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியது ஒன்றுண்டு. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899இல் சிவகாசிக் கலவரத்தைக் கண்ட நாடார் சமூகம், அதற்கு முன்பே விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தது. வணிகர் தந்த மகமையும், வீடுதோறும் சோறு வடிக்குமுன் எடுத்து வைத்த பிடி அரிசியும் அப்பள்ளியை வளர்த்தன. காமராசர் அங்கே படித்தவர். இம்மாவட்டத்துக் கல்லூரிகள் பலவும் அப்படி ஊரார் கொடையில் எழுந்தவையே.

நிரம்பாத இருக்கையால் நிர்வாகத்துக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. அது மூன்றாண்டும் வெறுமையாகவே கிடக்கும். சேர்க்கை முடிந்து மிஞ்சும் சுயநிதி இடங்களை, உதவி பெறும் பிரிவின் கட்டணத்திலேயே பட்டியலினப் பிள்ளைகளுக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுக. உதவித்தொகை வரும்வரை முதல் தவணையைக் கேளாதிருக்க. மைய அரசு வருமான வரம்பை 8,00,000 ஆக்க வேண்டும். மாநில அரசு உதவித்தொகையில் தன் பங்கைச் சேர்க்கை மாதத்திலேயே விடுவிக்க வேண்டும். இவற்றுள் முதல் இரண்டுக்கும் தில்லியையோ சென்னையையோ எதிர்பார்க்கத் தேவையில்லை. வரும் சூன் மாதக் கெடுவுக்குமுன் ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் ஒருநாள் கூடி ஒரு தீர்மானம் எழுதினால் போதும்.