அலைபேசிக் கோபுரத்துக்கு அஞ்சிய சிறுவன்

திரைப்படச் சான்றளிப்பு குறித்து அண்மையில் எங்கள் துறையில் நிகழ்ந்த உரையாடலில் ஒரு முதுகலை மாணவி கேட்டார்: "அறிவியல் புனைவுத் திகில் படங்களைச் சிறுவர்கள் பார்க்கலாமா, கூடாதா? ஒரே சொல்லில் விடை சொல்லுங்கள்." நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஏனெனில் இக்கேள்வியில் ஒருமுறை நானே தவறியிருக்கிறேன்.

2018 நவம்பர் 29 அன்று ஷங்கரின் '2.0' வெளியானது. சிகந்தராபாத்தில் வசிக்கும் என் அக்காவின் மகனுக்கு அப்போது எட்டு வயது. ரஜினிகாந்த், இயந்திர மனிதன், முப்பரிமாணக் கண்ணாடி. எட்டு வயதுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? படம் யு/ஏ சான்று பெற்றிருந்தது. "பயமா இருக்காதேடா?" என்று அக்கா கேட்டாள். "ரோபோ படம்தானேக்கா" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தெலுங்கு வடிவத்துக்கு அவனை அழைத்துச் சென்றேன்.

ஆயிரக்கணக்கான அலைபேசிகள் ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாக எழுந்த காட்சியில் அவன் கைதட்டினான். அவன் அஞ்சவில்லை என்று நான் மகிழ்ந்தேன். அன்றிரவு அவன் தன் தாயின் தலைமாட்டிலிருந்த அலைபேசியை எடுத்துச் சென்று சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்திருக்கிறான். மறுநாளும் அவ்வாறே. எதிர்க்கட்டட மாடியில் ஓர் அலைபேசிக் கோபுரம் உண்டு. அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம் அவன் மொட்டைமாடிப் பக்கமே போகவில்லை. நான் சென்றபோது இரண்டு கேள்விகள் கேட்டான். "மாமா, அந்தத் தாத்தா ஏன் டவர்ல போய்ச் செத்துப்போனார்? அவர் சொன்னது நிஜமா?"

படத்தைப் பார்த்தோர்க்கு நினைவிருக்கும். முதற்காட்சியே ஒரு முதியவர் கோபுரத்தில் தம் உயிரை மாய்த்துக்கொள்வதுதான். நானோ பறவையைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருந்தேன்.

சட்டம் இவ்விஷயத்தில் நடந்துவந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் நெடுங்காலம் 'யு', 'ஏ' என்னும் இரண்டே பெட்டிகளை வைத்திருந்தது. கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெரியவர்க்கும் சிறுவர்க்கும் வெவ்வேறு அளவுகோல் வைப்பதை ஏற்றது. 1983இல் 'யு/ஏ' வந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டுதலோடு காணலாம் என்பது அதன் பொருள். 2023ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 7, 13, 16 என மூன்றாகப் பகுத்தது. இது முன்னேற்றமே. ஏழு வயதினரையும் பதினைந்து வயதினரையும் ஒரே எழுத்துக்குள் அடைத்துவைத்திருந்தது நியாயமன்று. ஆனால் கோலில் கோடுகளைக் கூட்டியதால் கோல் மாறிவிடவில்லை. குருதி எவ்வளவு, வசைச்சொல் எத்தனை, முத்தம் எவ்வளவு நேரம் என்றே அது இன்னும் அளந்துகொண்டிருக்கிறது.

நம் ஊரில் வேறொரு கோலும் முயலப்பட்டது. 2024 டிசம்பரில் ஆர்.டி.சி. குறுக்குச்சாலை சந்தியா திரையரங்கில், 'புஷ்பா 2' முன்காட்சியின்போது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் இறந்தார். அவருடைய மகன் படுகாயமுற்றான். அடுத்த மாதம், திரையரங்குக் காட்சிகள் தொடர்பான வழக்கில் தெலங்கானா உயர் நீதிமன்றம், காலை 11 மணிக்கு முன்னும் இரவு 11 மணிக்குப் பின்னும் நடைபெறும் காட்சிகளுக்குப் பதினாறு வயதுக்குட்பட்டோரை அனுமதிக்கலாகாது என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. சில வாரங்களில் அது தளர்த்தப்பட்டது. அவ்வாணையின் கவலையை நான் மதிக்கிறேன். நள்ளிரவில் உறங்க வேண்டிய குழந்தை திரையரங்கில் இருப்பது நன்றன்று. ஆயினும் கடிகாரத்துக்குத் திரை தெரியாது. நாங்கள் '2.0' பார்த்தது பிற்பகல் காட்சியில்.

அப்படியாயின் எதை அளப்பது? இங்கே ஜோன் கேன்டர் என்னும் அமெரிக்க ஊடக ஆய்வாளர் 1980களில் செய்த பணி எனக்கு உதவியது. 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' தொலைக்காட்சித் தொடரைக் கண்ட மழலைகள் எதற்கு மிகவும் அஞ்சினர் என்று அவர் தம் சக ஆய்வாளருடன் ஆராய்ந்தார். கதாநாயகன் பச்சை உருவாக மாறும் காட்சிக்கே அஞ்சினர். அவன் பிறரைக் காக்கவே மாறுகிறான் என்பது அவர்களுக்கு எட்டவில்லை; உருவம்தான் எட்டியது. சற்று வளர்ந்த பிள்ளைகளோ அக்காட்சியை எளிதாகக் கடந்தனர். இதற்கு நேர்மாறானது 'தி டே ஆஃப்டர்' குறித்த ஆய்வு. கான்சாஸ் பகுதியில் அணுகுண்டு விழுவதாகக் காட்டிய அந்தத் தொலைக்காட்சிப் படம் 1983இல் ஒளிபரப்பாயிற்று. அதில் மிகக் குறைவாகக் கலங்கியவர்கள் மிகச் சிறியவர்கள். வயது ஏற ஏறக் கலக்கமும் ஏறியது. அணுகுண்டு என்றால் என்னவென்று புரிந்தவர்களே அஞ்சினர்.

அச்சம் வயதோடு குறைவதில்லை. அதன் பொருள் மாறுகிறது. அறிவியல் புனைவுத் திகில் இந்த இரண்டாம் வகை அச்சத்தில் முதலீடு செய்கிறது. 'இது நடக்கக்கூடும்' என்பதே அதன் மூலதனம்.

பேய்ப்படத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் நீட்டிச் சமைக்கும். ஆந்திரத்திலும் தமிழகத்திலும் ஒரு தலைமுறையே அதைக் கண்டு அலறிச் சிரித்தது. அன்றிரவு அஞ்சிய பிள்ளையிடம் பாட்டி, "பேயாவது பிசாசாவது, படுடா" என்றால் காரியம் முடிந்தது. மறுக்கும் அதிகாரம் வீட்டிலேயே இருந்தது. '2.0'வும் அடிப்படையில் பேய்க்கதைதான். இறந்தவரின் ஆவி பழிவாங்கத் திரும்புகிறது. ஆனால் அங்கே ஆவி 'ஆரா' எனப்படுகிறது. எதிர்மறை ஆற்றல், ஒளித்துகள் என்று ஆய்வகச் சொற்களால் அதற்கு விளக்கம் தரப்படுகிறது. விளக்குபவர் ஒரு விஞ்ஞானி. "விஞ்ஞானியாவது கிஞ்ஞானியாவது" என்று எந்தப் பாட்டியால் சொல்ல முடியும்? நாம்தாம் அச்சிறுவனுக்கு விஞ்ஞானியை நம்பு என்று பள்ளியில் கற்பித்தோம்.

இதனோடு படத்தின் அரைஉண்மையும் சேர்ந்துகொள்கிறது. அலைபேசிக் கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றன என்பது கதையின் அடித்தளம்; இறுதியில் நாயகனும் அக்கருத்தின் பக்கமே சாய்கிறான். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கையோ, சிட்டுக்குருவிகள் பெருநகரங்களில் குறைந்திருப்பினும் நாடளவில் ஏறத்தாழ நிலையாகவே உள்ளன என்றும், கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறியது. மறுபுறம், 2011இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வலைகளைப் புற்றுநோய்க்குக் 'காரணமாகக்கூடியவை' என்ற ஐயப் பட்டியலில் வைத்ததும் உண்மை; 2012இல் இந்தியா கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பைப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததும் உண்மை. 'நிஜமா?' என்று கேட்ட எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவையும் எப்படிச் சொல்வது? ஆம் என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை.

வேடிக்கை என்னவென்றால், வெளியீட்டுக்கு முன் இப்படம் அறிவியலுக்கு மாறானது என்று தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது அலைபேசி நிறுவனங்களின் சங்கம்! வணிகத்தின் பொருட்டு எழுந்த அந்தக் குரலைக் கேட்டோம். குழந்தைகளின் பொருட்டு எழுந்த குரல் எதுவும் என் காதில் விழவில்லை; என் குரல் உட்பட.

பிரசாந்த் வர்மாவின் 'ஜாம்பி ரெட்டி'யையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கொரோனாவுக்கு மருந்து காணும் முயற்சி பிழைபட்டு மனிதர்கள் நடைபிணங்களாவதாகக் கதை. படம் வெளியானது 2021 பிப்ரவரி 5. நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கி மூன்று வாரங்கூட ஆகவில்லை. அத்தடுப்பூசிகளுள் ஒன்று உருவானதே இந்நகரத்தில். அப்படம் ஒரு பகடி. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். பகடி பிடிபடாத வயதில் அதைப் பார்த்த பிள்ளை ஊசியைப் பற்றி என்ன நினைத்திருக்கும் என்பதை எந்த எழுத்தும் எண்ணும் எனக்குச் சொல்வதில்லை.

இதனால் நான் தடை கோருவதாக எண்ணிவிட வேண்டாம். அஞ்சி மீள்வது பிள்ளைகளுக்கு இன்பம். அதைப் பறிக்கும் உரிமை நமக்கில்லை. தவிர, சான்றுகளும் காலத்தோடு இடம்பெயர்கின்றன. 1984இல் 'கிரெம்லின்ஸ்' போன்ற படங்கள் பெற்றோரைத் துணுக்குறச் செய்ததால் அமெரிக்காவில் 'பி.ஜி.-13' பிறந்தது. ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' 1979இல் பிரிட்டனில் பெரியவர்க்கு மட்டுமான 'எக்ஸ்' சான்று பெற்றது. 2003இல் பதினைந்து வயதினரும் பார்க்கலாம் என்றாயிற்று. நெஞ்சைப் பிளந்து உயிரி வெளிவரும் அக்காட்சி அப்படியேதான் இருக்கிறது.

என் கேள்விகள் வேறு. படம் எந்த அன்றாடப் பொருளை அச்சத்தின் இருப்பிடமாக்குகிறது? அப்பொருள் குழந்தையின் தலைமாட்டில் இருக்கிறதா, அல்லது விண்வெளியில் இருக்கிறதா? அறிவியலின் பெயரால் அது சொல்வதில் எவ்வளவு உண்மை? தற்கொலையைத் தியாகமாகக் காட்டுகிறதா? படம் முடிந்த இரவில் விடை சொல்ல யாராவது உடனிருப்பார்களா? இக்கேள்விகளின்படி '2.0' எட்டு வயதுக்கு உரியதன்று. பறவையால் அன்று, முதற்காட்சியால். பதின்மூன்று வயதில், உடனிருந்து பேச ஒருவர் இருந்தால், அது நல்ல விவாதப் பொருள். நுழைவுச்சீட்டு முன்பதிவுப் பக்கத்தில் 'தற்கொலைக் காட்சி உண்டு' என்று ஒரு வரி இருந்திருந்தால் நான் வேறு படத்துக்குப் போயிருப்பேன். இணையவழித் தளங்கள் உள்ளடக்கக் குறிப்புத் தர வேண்டுமென்று 2021ஆம் ஆண்டின் விதிகள் பணிக்கின்றன. நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுப்பவர்க்கும் அந்த ஒரு வரியை முன்கூட்டியே காட்டுவதில் என்ன இடர்?

மருமகனுக்கு இப்போது பதினைந்து வயது. அலைபேசியைச் சமையலறைக்கு அனுப்பும்படி இன்று அவனிடம் மன்றாடுவது அக்காதான். சென்ற வாரம் அழைத்து, 'ஏலியன்' பார்க்க வேண்டும், அம்மா உங்களைக் கேட்கச் சொன்னாள் என்றான். இம்முறை நான் முதலில் தனியே மீண்டும் ஒருமுறை பார்த்தேன். பிறகு அக்காவிடம் எல்லாக் காட்சிகளையும் விவரித்தேன். புழுவின் உடலுக்குள் முட்டையிடும் குளவிகளைப் பற்றி அவன் உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறான்; அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பார்ப்பதாக ஏற்பாடு. அக்கா விதித்த நிபந்தனை ஒன்றே: "அந்த நெஞ்சு வெடிக்கிற சீன் முடியிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் டிபன் கிடையாது."